சிறுத்தைப் பயமும் நிலச்சொந்தக்காரர் கடமையும்

மலையடிவாரத்துக் கிராமங்களில் சிறுத்தையின் நடமாட்டம் தெரிந்தவுடன் எழும் முதற் கோரிக்கை, கூண்டு வைக்க வேண்டும் என்பதே. ஆட்டையோ கன்றையோ இழந்த குடியானவர் அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. இரவில் மடை திருப்பச் சென்றவர் வரப்பின்மேல் இரு கண்கள் மின்னக் கண்டு குலை நடுங்கித் திரும்புவாராயின், மறுநாள் அந்த நிலத்தில் வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாகும். எனினும், கூண்டு ஒன்றே பரிகாரம் என்னும் எண்ணம் சரியானதன்று. அபாயத்தைக் குறைக்கும் காரியங்களிற் பெரும்பாலானவை நிலச்சொந்தக்காரரின் கையிலும் கிராம உத்தியோகஸ்தர்களின் கையிலுமே இருக்கின்றன.

மகாராஷ்டிரத்தில் புனே ஜில்லாவைச் சேர்ந்த ஜுன்னர் பிரதேசத்தின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும். பாசன வசதி பெருகிக் கரும்புச் சாகுபடி பரவிய அப்பிரதேசத்தில், சிறுத்தைகள் கரும்புத் தோட்டங்களையே உறைவிடமாகக் கொண்டன. ஜனங்களின் வற்புறுத்தலால் 2001 முதல் அவை அதிக அளவிற் பிடிக்கப்பட்டுக் காடுகளில் விடப்பட்டன. 1993க்கும் 2001க்கும் இடையில் வருஷத்திற்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல்கள், 2001 முதல் 2003 வரை வருஷத்திற்கு 17 ஆக உயர்ந்தன. கூண்டில் அடைபட்டுக் கலவரமுற்று, அறியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு, தன் பழைய இடத்தைத் தேடி முன்பின் அறியாத ஊர்களின் வழியே அலைகிறது. அது விட்டுச் சென்ற இடத்திற்கோ வேறொரு சிறுத்தை வந்து சேர்கிறது. இரை உள்ளவரையில் இடம் காலியாக இராது.

அந்த இரை எது? அதே மாகாணத்து அகோலேப் பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தைச் சோதித்தபோது, அவற்றின் உணவில் முதலிடம் பெற்றது நாய் என்று தெரிந்தது. ஆகவே, தெருநாய்கள் பெருகிய ஊர், இறந்த மாட்டையும் கோழிக் கழிவையும் ஓடைக்கரையில் எறியும் ஊர், சிறுத்தைக்குத் தானே விருந்து வைக்கிறது. செத்த கால்நடையை ஆழமாகப் புதைத்தல், கழிவுகளைத் திறந்த வெளியிற் கொட்டாதிருத்தல், நாய்களுக்குக் கருத்தடை செய்வித்தல் ஆகியவை ஊர் முழுவதும் சேர்ந்து செய்யத்தக்கவை. ஆட்டுப்பட்டிக்கு நாற்புறத்துச் சுவர் மாத்திரம் போதாது. சிறுத்தை கூரை வழியாகவும் இறங்கும். மேலும் பக்கங்களும் உறுதியான கம்பிவலையால் மூடப்பட்டு, கதவு நன்றாகத் தாழிடப்படுமாயின், ஆடு பிழைப்பதோடு சிறுத்தை அவ்விடத்திற்கு வரும் பழக்கமும் குறையும். வீட்டையும் தொழுவத்தையும் ஒட்டிய புதர்களை வெட்டிச் சுத்தம் செய்வதும் அவசியம்.

இனி, இவ்விஷயத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. விலங்கை எதிர்ப்படுபவர் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர் அல்லர். புல்லறுக்கும் பெண், மாடு மேய்ப்பவர், கொழுந்து பறிப்பவர், மின்சாரம் வரும் வேளைக்காகக் காத்திருந்து நள்ளிரவில் மோட்டாரை ஓட்டச் செல்லும் கூலியாள் ஆகியோரே அந்த அபாயத்திற்கு ஆளாகின்றனர். 2024 ஜனவரியில் நீலகிரி ஜில்லா பந்தலூர் தாலுகாவில் சிறுத்தைக்குப் பலியானது, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வெளி மாகாணத்திலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவரின் மூன்று வயதுப் பெண்குழந்தை. ஆட்டின் விலையைக் கணக்கிட்டு மனு எழுதுகிறவர்கள், தங்கள் நிலத்தில் உழைப்பவரின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு என்ன என்பதையும் கணக்கிட வேண்டும். இரவில் நீர் பாய்ச்ச ஒருவரைத் தனியே அனுப்புதல் தகாது. இரண்டாவது ஆளின் கூலியும் நல்ல கைவிளக்கின் விலையும், விதையையும் எருவையும் போலச் சாகுபடிச் செலவில் அடங்கியவையே. தொழிலாளர் குடியிருப்பில் விளக்கும் கழிப்பிடமும் அமைப்பதும், வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிப்பதும் தர்மகாரியங்களல்ல, கடமைகள்.

குனிந்தோ குந்தியோ இருப்பவரைப் பின்புறத்திலிருந்து தாக்குவது இவ்விலங்குகளின் இயல்பு. சுந்தரவனத்தில் தேன் எடுப்போரும் விறகு வெட்டுவோரும் 1980களில் பிடரியில் மனித முகமூடி அணிந்து சென்றது இதனாலேயே. ஆதலால் புதர் ஓரங்களில் வேலை செய்வோர் இருவர் மூவராகச் சேர்ந்து, உரக்கப் பேசிக்கொண்டே செய்ய வேண்டும். மனிதரின் அரவம் கேட்டால் சிறுத்தை பெரும்பாலும் தானே விலகிவிடும். எதிர்ப்பட்டுவிட்டாலோ, ஓடலாகாது; ஓடுவது இரையின் செய்கை. குனியாமலும் முதுகு காட்டாமலும் நிமிர்ந்து நின்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, விலங்கைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குக. அது தப்பிச் செல்லும் வழியை மறித்து நிற்கலாகாது.

கரும்பு வெட்டும்போது நாற்புறமும் சூழ்ந்து வெட்டாமல், ஒரு புறத்தில் தொடங்கி மறுபுறத்தைத் திறந்துவிடுவது நல்லது. குட்டிகள் தென்பட்டால் தொடாமல் விலகி, வனத்துறையாருக்குச் சொல்லியனுப்புக. இரவில் தாய் வந்து எடுத்துச் செல்லும். குட்டியை ஊருக்குள் கொண்டுவருவது தாயை ஊருக்குள் அழைப்பதாகும். கைப்பிடிச் சுவரில்லாத பாசனக் கிணறுகளில் சிறுத்தை விழுவது அடிக்கடி நேர்கிறது. அதே கிணற்றில் மனிதரும் கால்நடையும் விழுவதால், சுவர் கட்டும் செலவு வீண் போகாது.

பன்றிக்கென வைக்கும் கம்பிச் சுருக்கும், வேலியிற் கள்ளத்தனமாகப் பாய்ச்சும் மின்சாரமும் சட்டவிரோதமானவை என்பது மட்டுமன்று. சுருக்கிற் சிக்கிக் காலொடிந்து தப்பிய விலங்கு, மானையும் பன்றியையும் துரத்த இயலாமற் போகும். 1907ஆம் வருஷத்தில் குமாவுன் மலைநாட்டுச் சம்பாவத் அருகே ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய பெண்புலி, 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்புறத்து மேற்பல்லும் கீழ்ப்பல்லுமாகிய இரு கோரைப்பற்கள், யாரோ முன்னர் சுட்ட குண்டினால் உடைந்திருந்தன. ஒருவரது அரைகுறை வேட்டைக்கு நூற்றுக்கணக்கானோர் உயிரால் விலை கொடுத்தனர்.

கிராம உத்தியோகஸ்தர்களின் முதற் பணி கூட்டத்தை விலக்குவதாகும். கிணற்றிலோ வீட்டிலோ சிக்கிய சிறுத்தையைக் காண ஊரே திரண்டு, கூச்சலிட்டுக் கல்லெறிந்து, கைபேசியிற் படம் பிடிக்க முண்டியடிக்கும்போதே பலர் காயமுறுகின்றனர். வனத்துறையாருக்குத் தகவல் அனுப்பி, கதவை வெளியே தாழிட்டு, ஜனங்களைத் தூரத்தில் நிறுத்தி, இருட்டும்வரையில் வழி விட்டால், விலங்கு அநேகமாகத் தானே போய்விடும். கால்நடை கொல்லப்பட்டால், வனத்துறையார் பார்வையிடும்வரை சடலத்தை அகற்றாதிருக்கச் செய்து, நிவாரண மனுவை உடனே அனுப்புவதும் அவர்கள் கடமையே. நிவாரணம் தாமதிக்கும் இடத்தில் சடலத்திற்கு நஞ்சிடும் எண்ணம் தோன்றுகிறது. அந்நஞ்சு கழுகுகளையும் நாய்களையும் சேர்த்துக் கொல்லும்.

கூண்டே வேண்டாம் என்பது இங்குக் கருத்தன்று. மனிதரைக் கொல்லத் தலைப்பட்ட விலங்கை அகற்றியே தீர வேண்டும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் குறித்துத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் அளித்துள்ளது. கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி, மூன்று வாரத் தேடலுக்குப் பின் 2021 அக்டோபர் 15ஆம் தேதி உயிருடன் பிடிக்கப்பட்டது. அத்தகைய விலங்கு அரிது. வரப்பிற் கண்ட ஒவ்வொரு சிறுத்தையையும் அதனோடு ஒன்றாக எண்ணிக் கூண்டு கேட்பது, ஜுன்னரில் நேர்ந்ததை நம் ஊரிலும் வரவழைப்பதாக முடியும்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பர் பெரியோர். பட்டியை அடைத்து, கழிவைப் புதைத்து, கிணற்றுக்குச் சுவர் எழுப்பி, இரவு வேலைக்கு இருவரை அனுப்புவதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை. இவற்றைச் செய்து முடித்த நிலச்சொந்தக்காரர், அதன் பின்பும் அபாயம் நீங்காவிடில், கூண்டு வேண்டும் என்று கேட்பது முறையாகும்.