கடன் கொப்பியும் பாம்பு விஷமும்

பொல்பிட்டியவில் எங்கள் வாப்பா ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். சென்ற வருட மழைக்காலத்தில், எங்களுக்கு நன்கு பழக்கமான ஓர் அக்காவை மலையில் பாம்பு கடித்துவிட்டது. தேயிலைச் செடியின் அடியில், சருகோடு சருகாகச் சுருண்டு கிடந்த சின்னப் பாம்பு. முக்கோணத் தலை, மேல்நோக்கி எழும்பிய மூக்கு. பார்த்தவர்கள் எல்லோரும் சிங்களப் பெயரிலேயே "குணகட்டுவா" என்றார்கள்.

ஒரு கிழமை கழித்து அக்கா கடைக்கு வந்தார். கால் இன்னும் வீங்கியிருந்தது. ஊசி போட்டார்களா என்று உம்மா கேட்டதற்கு, "இந்தப் பாம்புக்கு ஊசி இல்லையாம்" என்றார். இரத்தத்தையும் சிறுநீரையும் திரும்பத் திரும்பச் சோதித்து, சிறுநீரகம் பழுதாகிறதா என்று பார்த்துக்கொண்டே வைத்திருந்தார்களாம். அல்ஹம்துலில்லாஹ், அவர் தப்பிவிட்டார். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. இலங்கையில் விஷப் பாம்புக் கடிகளில் மிக அதிகமானவற்றுக்குக் காரணமே இந்தச் சின்னப் பாம்புதான். அதற்கு மட்டும் ஏன் ஊசி இல்லை?

விடை புரதத்தில் இருக்கிறது. பாம்பு விஷம் ஒரே ஒரு நஞ்சு அல்ல. பல புரதங்களின் கலவை. சில இரத்தம் உறைவதைக் குழப்பும். சில தசையைச் சிதைக்கும். சில நரம்பை முடக்கும். விஷ முறிவு மருந்து செய்ய, குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரிகளை எடுக்கிறார்கள். எந்தப் புரதத்தை ஏற்றினார்களோ அதற்கும், அதைப் போன்றவற்றுக்கும்தான் மருந்து வேலை செய்யும்.

நம் வைத்தியசாலைகள் நெடுங்காலமாக நம்பியிருக்கும் மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தைக் கொண்டு அது செய்யப்படுகிறது. அந்த விஷத்தில் பெரும் பங்கு, 1978இல் சென்னைக்கு அருகில் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. இருளர்களின் அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நான்கில் குணகட்டுவா இல்லை. போதாததற்கு, இந்த மருந்துக்கு நம் நாட்டு நோயாளிகள் பலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படுகிறது. குணகட்டுவாவைக் கண்ணாடி விரியன் என்று தவறாக எண்ணி ஊசி போட்டால், பலன் இல்லாமல் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

அப்படியானால் நம் பாம்புகளின் விஷத்தில் எந்தெந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கெடுப்புக்குப் பெயர்தான் புரோட்டியோமிக்ஸ். விஷத்தைப் பிரித்து, திரிப்சின் என்ற நொதியத்தால் புரதங்களைத் துண்டுகளாக்கி, திணிவு நிறமாலைமானியில் அத்துண்டுகளின் திணிவை அளந்து, உலகத் தரவகங்களில் உள்ள புரதங்களோடு ஒப்பிடுவார்கள். இலங்கைக் கண்ணாடி விரியனின் விஷத்தை 2015இல் இப்படி ஆராய்ந்து வெளியிட்டவர்களில் மலாயாப் பல்கலைக்கழகத்தினர் முக்கியமானவர்கள். குணகட்டுவா உட்பட இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு ஒரு புதிய மருந்து செய்து, அதன் ஆய்வுகூட முடிவுகளை 2016இல் வெளியிட்டவர்கள் கொஸ்டா ரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்தினர். நம் ஆய்வாளர்களும் இத்துறையில் உழைக்கிறார்கள். இருந்தாலும் நம் மலையில் ஊரும் பாம்புக்கு மருந்து தேட உலகின் மறுபக்கம் வரை போக வேண்டியிருக்கிறது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு இயந்திரம் மட்டும் போதாது. கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். வாப்பாவின் கடன் கொப்பியில் "500 ரூபா" என்று மட்டும் எழுதி, யார், எந்தத் திகதி என்று எழுதாவிட்டால் மாதக் கடைசியில் அந்த எண்ணுக்குப் பெறுமதி இல்லை. புரதத் தரவும் அப்படித்தான். பாம்பு எந்த இனம், எந்த ஊர், குட்டியா பெரியதா, விஷத்தை எப்போது எடுத்தார்கள், எப்படிப் பாதுகாத்தார்கள் என்ற குறிப்பு இல்லாவிட்டால், ஆயிரக்கணக்கான எண்கள் இருந்தும் பயனில்லை. குணகட்டுவா என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதிலேயே இலங்கையில் மூன்று இனங்கள் உள்ளன. அவற்றில் இரண்டு நம் தீவுக்கு மட்டுமே உரியவை. இனத்தைப் பிழையாக எழுதினால் பின்னால் வரும் எல்லாமே பிழை.

இந்த வேலையின் பெருமைக்கு ஒரு பெண்ணே சாட்சி. அமெரிக்க இரசாயனவியலாளர் மார்கரெட் டேஹொஃப், 1965இல் தம் குழுவினரோடு, அதுவரை தெரிந்த 65 புரதங்களின் அமினோ அமில வரிசைகளைத் தொகுத்து நூலாக்கினார். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஓர் எழுத்து என்ற குறியீட்டை உருவாக்கியவரும் அவரே. இன்றைய பெரும் தரவகங்கள் அந்தக் "கொப்பி"யின் பிள்ளைகள்.

"பாம்புக் கடியால் எத்தனை பேர் சாகிறார்கள், இதற்கு இவ்வளவு செலவா?" என்று சிலர் கேட்கலாம். வீடு வீடாகச் சென்று விசாரித்து 2016இல் வெளியான ஆய்வின்படி, இலங்கையில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். கடிபடுபவர்கள் வயலிலும் தோட்டத்திலும் நாட்டுக்கு உழைப்பவர்கள். 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணித்தவர்களில் நாமும் அடக்கம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை என்றால் டாக்டர், இல்லாவிட்டால் ஆசிரியை என்று இரண்டு கதவுகளை மட்டும் காட்டாதீர்கள். எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றால் என் வாழ்க்கை முடிந்துவிட்டது போல வாப்பா கவலைப்படுகிறார். அக்காவுக்கு அன்று இல்லாமல் போனது டாக்டர் அல்ல; டாக்டர் இருந்தார், இரவும் பகலும் பார்த்தார். அவர் கையில் கொடுக்க மருந்துதான் இல்லை. அந்த மருந்துக்கு முன்னால் ஓர் ஆய்வுகூடம் வேண்டும்; ஆய்வுகூடத்தில் பொறுமையாக உட்கார்ந்து, பிழையில்லாமல் எழுதி வைக்கும் ஒருத்தி வேண்டும்.

தோழிகளே, உயிரியலோடு கொஞ்சம் புள்ளிவிபரவியலும் கணினியும் படிப்போம். வீட்டுக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் வைக்கும் உம்மாமாரின் பிள்ளைகள் நாம். இது நமக்கு முடியாத வேலை அல்ல.

அக்கா மறுபடியும் மலைக்குப் போகிறார். அந்தப் பாம்பும் அதே சருகில்தான் இருக்கும்.