பீட்டாவுக்கு மார்க் போடலாமா?



முழுதாக வெளிவராத, இன்னும் பீட்டா நிலையிலேயே இருக்கும் ஒரு மேப் செயலியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வழக்கமாகக் கட்டுரையின் அடியில் போடும் நட்சத்திரங்களைப் போடவில்லை. வந்த கடிதங்கள் இரண்டு கட்சியாக நிற்கின்றன. “அரைவேக்காட்டில் இறக்கி வாயில் போட்டுவிட்டு ருசி சரியில்லை என்று எழுதுவது நியாயமா? முழுசாக வரட்டும், அப்புறம் பேசுங்கள்” என்கிறது ஒரு கட்சி. “எங்கள் தெருவே அதில் இல்லை. பூஜ்யம் போட என்ன தயக்கம்?” என்கிறது இன்னொன்று.

வேறு எந்தச் செயலியாக இருந்தாலும் நான் முதல் கட்சியில் சேர்ந்துகொள்வேன். கேமரா ஆப், வரவு செலவுக் கணக்கு எழுதும் ஆப், கேம் என்று எதுவானாலும் பீட்டாவை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அவசரக்குடுக்கைத்தனம். மேப் மட்டும் வேறு ஜாதி. காரணத்தைச் சொல்ல 2012-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜூன் 11-ம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த டெவலப்பர் மாநாட்டில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 6-ஐ அறிமுகம் செய்தது. 2007-ல் முதல் ஐபோன் வந்ததிலிருந்து அதில் இருந்த மேப் செயலியை எழுதியது ஆப்பிள். அதற்குள் இருந்த வரைபடமோ கூகுளுடையது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு 2009-லேயே ‘இடது பக்கம் திரும்புங்கள்’ என்று குரலில் வழி சொல்லத் தொடங்கிவிட்ட கூகுள், ஐபோனுக்கு அந்த வசதியைத் தரவில்லை. எவ்வளவு நாள்தான் போட்டியாளர் வீட்டு வாசலில் நிற்பது? டாம்டாம் நிறுவனத்திடமிருந்தும் இன்னும் பல இடங்களிலிருந்தும் தகவல்களை வாங்கி, ஆப்பிள் சொந்த மேப்பைக் கட்டியது. மேடையில் அதைக் காட்டியவர் ஆப்பிளின் ஸ்காட் ஃபோர்ஸ்டால். நகரங்களின் மேல் பறந்து பார்ப்பதுபோல் கட்டடங்கள் முப்பரிமாணத்தில் எழுந்து நின்றதும் அரங்கில் கைதட்டல். அன்றே டெவலப்பர்களின் கைக்குப் பீட்டா போய்விட்டது.

அந்தப் பீட்டாவில் பாராட்ட நிறைய இருந்தது. பழைய மேப், சதுரம் சதுரமான படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டும். பெரிதாக்கினால் புதிதாக வேறு படங்கள் இறங்கியாக வேண்டும். சுழற்றினால் தெருப் பெயர்களும் கூடவே சாயும். புதிய மேப்போ தெருக்களை எண்களாக வாங்கிக்கொண்டு, கோடுகளைப் போனிலேயே வரைந்தது. எந்தப் பக்கம் சுழற்றினாலும் பெயர்கள் நிமிர்ந்து நிற்கும், டேட்டாவும் குறைவாகத்தான் செலவாகும். வெக்டர் என்று இதைச் சொல்வார்கள். அன்றைய போன்களில் அது கண்ணுக்கு விருந்து.

குறையும் இருந்தது. சில ஊர்களின் செயற்கைக்கோள் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது, சில ஊர்களின் மேல் மேகம் மூடிக்கிடந்தது. கடைகள் இடம் மாறி நின்றன. பஸ், ரயிலில் போக வழி கேட்டால் வேறு ஆப்பைப் பார்க்கச் சொன்னது. (இந்த வசதி திரும்பி வர 2015-ன் ஐஓஎஸ் 9 வரை ஆயிற்று.) குறை சொன்னவர்களுக்கு ஆப்பிள் அபிமானிகளிடமிருந்து ஒரே பதில்தான் கிடைத்தது: “இது பீட்டாதானே, செப்டம்பருக்குள் சரியாகிவிடும்.”

அந்தப் பதில் தப்பாய்ப் போனது ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேப் செயலிக்குள் இரண்டு சரக்குகள் உண்டு. ஒன்று, வரைந்து காட்டி, வழியைக் கணக்கிட்டு, குரலில் சொல்லும் மென்பொருள். அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினால் உலகம் முழுக்க ஒரே நாளில் அந்தப் பிழை தீரும். மற்றது தகவல்: எந்தத் தெரு எங்கே, எது ஒருவழி, எந்தப் பாலத்தில் லாரி போகலாம், எந்த ஆஸ்பத்திரி போன வருஷம் இடம் மாறியது. இங்கே ஒவ்வொரு பிழையும் தனித்தனி. லண்டனில் ஒரு ரயில் நிலையத்தைச் சேர்த்தால் டப்ளினில் இருக்கும் தவறு திருந்திவிடாது. அங்கே ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் மென்பொருளை மெருகேற்றிவிடலாம், உலகத்தின் தெருக்களை நடந்து சரிபார்க்க முடியாது. ஆகவே பீட்டா மேப் அடிக்கடி நின்றுபோனால், பேட்டரியைக் குடித்தால், மெதுவாக வரைந்தால் மன்னித்துவிடலாம். ஊரையே காணோம் என்றால் அதை அன்றே எழுத வேண்டும். வெளியாகும் நாளிலும் அந்த ஊர் இருக்கப் போவதில்லை.

2012 செப்டம்பர் 19-ல் ஐஓஎஸ் 6 வெளியானது. லண்டனின் பேடிங்டன் ரயில் நிலையத்தைக் காணவில்லை என்று பயணிகள் புகார் சொன்னார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் முப்பரிமாணக் காட்சியில் வெயிலில் இளகிய தார்போல் வளைந்து தொங்கியது. ஜப்பானில் ‘பாச்சிங்கோ கண்டம் ஸ்டேஷன்’ என்று, இல்லாத ஒரு ரயில் நிலையம் முளைத்தது. டப்ளினில் ‘ஏர்ஃபீல்டு’ என்று பெயர் கொண்ட ஒரு தோட்டப் பண்ணைக்கு விமானச் சின்னம் போட்டிருந்தார்கள். அயர்லாந்து அமைச்சர் ஆலன் ஷாட்டர், விமானிகள் யாரும் அதை நம்பி இறங்கிவிடக் கூடாது என்று அறிக்கையே விட்டார். ஆடு மாடு நிற்கும் இடம் அது.

ஒன்பதாவது நாள் ஆப்பிள் தலைவர் டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எங்கள் மேப் சரியாகும்வரை பிங், மேப்குவெஸ்ட், வேஸ் ஆகியவற்றையோ கூகுள், நோக்கியா மேப்களையோ பயன்படுத்துங்கள் என்று போட்டியாளர்களின் பெயர்களை அவரே எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே ஃபோர்ஸ்டால் வெளியேறுகிறார் என்ற அறிவிப்பு வந்தது. டிசம்பரில் கூகுள் தன் மேப் செயலியை ஐபோனுக்குத் தனியாக வெளியிட்டபோது, 48 மணி நேரத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள்.

சிரிப்பு நின்ற இடம் ஆஸ்திரேலியா. விக்டோரியா மாநிலத்தின் மில்டூரா நகருக்கு வழி கேட்டவர்களை மேப் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, மர்ரே-சன்செட் தேசியப் பூங்காவின் நட்டநடுவில் கொண்டுபோய் விட்டது. தண்ணீர் கிடையாது, போன் சிக்னல் கிடையாது, வெயில் 46 டிகிரிவரை ஏறும் காடு. சிலர் 24 மணி நேரம்வரை சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள் என்றும், உயிருக்கு ஆபத்து என்றும் 2012 டிசம்பரில் போலீஸ் எச்சரிக்கை விட்டது.

இந்தப் பிழை பிறந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் இடப்பெயர்ப் பட்டியலில் மில்டூரா இரண்டு உண்டு. ஒன்று நகரம். இன்னொன்று அதே பெயர் கொண்ட உள்ளாட்சிப் பகுதி. பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய பகுதிக்கு ஒரே புள்ளி வைக்கச் சொன்னால் நடுவில்தான் விழும். அந்த நடு, காட்டுக்குள் இருந்தது. கன்னியாகுமரி என்று தட்டினால் ஊரா, மாவட்டமா என்று தெரியாமல் மாவட்டத்தின் மையத்துக்கு உங்களை அனுப்பிவைப்பதைப் போன்றது இது. பட்டியலில் இருந்த இரண்டு பதிவுகளுமே சரிதான். இரண்டையும் சேர்த்துக் கோத்தபோது எது எது என்று கேட்க மில்டூராக்காரர் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை.

2016-ல் ஒரு பேட்டியில் ஆப்பிளின் எட்டி கியூ இதை ஒப்புக்கொண்டார். நிறுவனம் இருக்கும் கூப்பர்ட்டினோவில் வசிக்கும் தங்களுக்கு அந்த ஊர் மேப் நன்றாகவே வேலை செய்ததாம். அதனால் பிரச்சினை கண்ணில் படவில்லையாம். ஐஓஎஸ் பீட்டாவை இன்று பொதுமக்களே இறக்கிப் பார்க்க முடிகிறது என்றால், அதற்கு அந்த மேப் பட்ட அடிதான் காரணம் என்றும் சொன்னார்.

நட்சத்திரம் போடாததற்கு எங்கள் காரணமும் இதிலிருந்தே வருகிறது. அண்ணா நகரில் உட்கார்ந்து நாங்கள் போடும் நான்கு நட்சத்திரம், அறந்தாங்கியில் இருப்பவருக்கு எதற்கு உதவும்? மென்பொருளுக்கு ஒரே மார்க் போடலாம், ஊர்களுக்கு முடியாது. எங்கே எங்கே ஓட்டிப் பார்த்தோம், எங்கே தடுமாறியது என்று எழுதுவதே நேர்மை. இனியும் பீட்டா மேப்களுக்கு அப்படித்தான் செய்வோம்.

நீங்களே சோதிக்க விரும்பினால் உங்களுக்கு அத்துப்படியான இடத்தில் தொடங்குங்கள். புது ஊருக்குப் போய் மேப்பைச் சோதிப்பதில் அர்த்தமில்லை, அது பொய் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், சந்தை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்ட் என்று கேளுங்கள். தமிழில் தட்டிப் பாருங்கள், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தட்டிப் பாருங்கள். திருவான்மியூரை ‘டி’-யில் தொடங்கி எச் போட்டும் போடாமலும் எழுதுகிற ஊர் நம்முடையது. மவுண்ட் ரோடு என்றாலும் அண்ணா சாலை என்றாலும் ஒரே இடத்துக்கு வருகிறதா? பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றாலும் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்றாலும்? கதவு எண்ணைவிட ‘பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து’தான் நம் முகவரி; அதைப் புரிந்துகொள்கிறதா?

மேம்பாலம் இன்னொரு கண்டம். ஜிபிஎஸ் உயரத்தை அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. கத்திப்பாராவில் நீங்கள் பாலத்தின் மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்று செயலி திண்டாடும். கூகுளே இந்திய நகரங்களுக்கு ‘மேம்பாலத்தில் ஏறுங்கள்’ என்று சொல்லும் வசதியை 2024 ஜூலையில்தான் அறிவித்தது. ஆகவே புதியவரிடம் இதைக் குறையாக எழுதுங்கள், கோபமாக எழுத வேண்டாம்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இரவில், மழையில், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகையில் பீட்டாவை நம்பாதீர்கள். பீட்டா என்ற பட்டம் போன பிறகும் மேப் முழுமையடைவதில்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போயிருந்த பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப் காட்டிய வழியில் போனதாகவே போலீஸ் சொன்னது. பாலத்துக்கு முன்னால் தடுப்பு வைக்காதவர்களின் பொறுப்பு அதில் பெரிது என்பது என் கட்சி. இருந்தாலும் சாலை சொல்வதும் திரை சொல்வதும் முரண்பட்டால் சாலையை நம்புங்கள்.

சில்லறை விஷயங்கள்: ஐபோனில் டெஸ்ட்ஃபிளைட் செயலி வழியாக வரும் பீட்டா 90 நாளில் காலாவதியாகிவிடும். பிளே ஸ்டோரில் பீட்டா பயன்படுத்துவோர் எழுதும் கருத்து பொதுவில் தெரியாது, உருவாக்கியவர்களுக்கு மட்டும் போகும். எனவே ‘மோசம்’ என்று ஒற்றை வார்த்தை எழுதி யாருக்கும் பயனில்லை. இருப்பிடத்தை எப்போதும் பார்க்க அனுமதி கேட்டால், செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்று மாற்றி வையுங்கள்.

ஆப்பிளுக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். 2015 முதல் சொந்த வண்டிகளைத் தெருத்தெருவாக ஓட்டித் தகவல் சேர்த்தார்கள். 2016-ல் ஹைதராபாத்தில் மேப் வேலைக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். 2018-ல் மேப்பை அடியிலிருந்து திரும்பக் கட்டுவதாக அறிவித்து, 2020 ஜனவரியில் அமெரிக்கா முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். 2012-ல் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு ‘அது உருப்படாது’ என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். மேப்பைப் பற்றிய எந்தத் தீர்ப்புக்கும் தேதி போட வேண்டும், எங்கள் தீர்ப்புக்கும் சேர்த்துத்தான்.

எங்களுக்கு இப்போது உங்கள் உதவி வேண்டும். சென்ற இதழில் எழுதிய அந்தச் செயலியை உங்கள் ஊரில் ஓட்டிப் பாருங்கள். ஊர் பெயர், என்ன தட்டினீர்கள், அது எங்கே காட்டியது, உண்மையில் இடம் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று எழுதி, திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் வீட்டு முகவரி தெரியும் படங்கள் வேண்டாம். வருகிறவற்றை மாவட்டவாரியாகத் தொகுத்து வெளியிடுவோம், ஒரு பிரதியை அந்தச் செயலியை உருவாக்குகிறவர்களுக்கும் அனுப்பிவைப்போம். சென்னைக்காரர்களே, நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். சின்ன ஊர்களுக்குத்தான் முதல் இடம்.

அன்புடன்,
ஆசிரியர்