கடைசிப் பக்கத்துப் படங்கள்

தோழிகளே, நம்ம சுவர்ப் பத்திரிகையில் தீபாவளி வந்தால் ஒரே படம்தான். வாழ்த்து அட்டையைப் பார்த்து வரைஞ்ச குத்துவிளக்கு, ரெண்டு மத்தாப்பு. பொங்கலுக்குப் பானை, கரும்பு. அதுல நம்ம ஊர் எங்கே இருக்கு?

ஓவியர் கோபுலு 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். கும்பகோணத்தில் ஓவியம் படிச்சார். 1941 ஆனந்த விகடன் தீபாவளி மலரில் அவர் படம் வந்தப்போ வயசு 17. அதுவும் பார்த்து வரைஞ்சதுதான், திருவையாற்றில் தியாகராஜர் வீட்டில் இருந்த ராமர் பட்டாபிஷேகப் படம். ஆனா அதோடு நிற்கலை. அப்புறம் ஒரு வார்த்தைகூட இல்லாமலே சிரிக்க வைக்கிற படங்கள் போட்டார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கும் அவர்தான் படம். வயசான காலத்தில் வலது கை முடியாமல் போனதும் இடது கையால் வரைஞ்சார். 2015-ல் காலமானார்.

நமக்கு மட்டும் ஆள் பஞ்சமா? ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் கோழியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுப் பேரம் பேசும் பாட்டி போதாதா? ஒர்க்‌ஷாப் விட்டதும் வரும் சைக்கிள் கூட்டம்? டீசல் இஞ்சினுக்கு மீசை வச்சா எப்படி இருக்கும்!

இந்த மாதிரிப் படமெல்லாம் நம்மகிட்ட இல்லாமல் இல்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளிஞ்சிருக்கு. "படம் சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பாங்களே! கோலம்கூடத்தான் சோறு போடலை, அம்மா தினமும் போடுறாங்க.

வர்ற பொங்கல் இதழில் ஒரு மூலையைக் காலியா விடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பேர் போட வெட்கமா இருந்தா வகுப்பு மட்டும் எழுதுங்க. மீசை வச்ச இஞ்சின் நான் தர்றேன்.