ட்ரிப் போக முடியாத பிள்ளையும் பக்கத்தில் இருக்கும் பூந்தோட்டமும்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் பொறுமையாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

வருடா வருடம் பாடசாலைகளில் ட்ரிப் கதை தொடங்கும். நுவரெலியாவா, காலியா, திருகோணமலையா என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். பஸ் கூலி, சாப்பாடு, டிக்கட் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்வோம். அடுத்த நாளிலிருந்து சில பிள்ளைகளின் முகம் மாறிவிடும். என் வகுப்பில் ஒரு மகன் என்னிடம் தனியாக வந்து, "டீச்சர், எனக்கு பஸ்ல போனா தலை சுத்தும், நான் வரல்ல" என்றான். அவன் தினமும் பஸ்ஸில்தான் பாடசாலைக்கு வருகிறான். எனக்கு விளங்கியது. அவனுக்கு விளங்கியது எனக்கு விளங்கியதும். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கிழமை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போனவங்க யார்?" நிறையக் கைகள் உயர்ந்தன. "அங்க என்ன மரம் பார்த்தீங்க?" எல்லாக் கையும் இறங்கிவிட்டது. தொங்கு பாலம் பார்த்தோம், ஃபோட்டோ எடுத்தோம், பெருநாளைக்குப் போனோம், இவ்வளவுதான் பதில். தலை சுற்றும் என்று சொன்ன மகன் முதலிலேயே கை உயர்த்தவில்லை. கண்டிக்குப் போகும்போதெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறான். ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

பிலிமத்தலாவையிலிருந்து பூந்தோட்டம் ஆறு கிலோமீற்றர் அளவுதான். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் இடம் அது. மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓட, நடுவில் 147 ஏக்கர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்கள். கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் அரச தோட்டமாக இருந்தது. 1821இல் வெள்ளைக்காரர் அதைத் தாவரவியல் பூங்காவாக்கினார்கள்.

ஏன் ஆக்கினார்கள்? இதைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அழகுக்காக மட்டுமல்ல. எந்தப் பயிர் இந்த மண்ணில் வளரும், எது இலாபம் தரும் என்று பரீட்சித்துப் பார்க்கவும்தான். சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடியை 1824இல் இங்கேதான் நட்டுப் பார்த்தார்கள். அப்போது மலைகளில் கோப்பிக்குத்தான் மவுசு. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு போல ஒரு பங்கசு நோய் வந்தது. அப்போது பூந்தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த த்வெய்ட்ஸ் என்பவர் நோய் பிடித்த இலைகளை ஆராய்ச்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆனால் நோயை நிறுத்த முடியவில்லை. இருபது வருடங்களுக்குள் கோப்பி ஏறக்குறைய அழிந்து, அந்தக் காணிகளில் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். தோட்டப்புற மக்கள் லயங்களில் நிரந்தரமாகக் குடியேறியதற்கும், நம் ஊர்களில் கடை, வியாபாரம் வளர்ந்ததற்கும் பின்னால் ஓர் இலை நோயும் இருக்கிறது. வரலாற்றுப் பாடமும் விஞ்ஞானப் பாடமும் ஒரே இடத்தில்! அந்த இடத்தை விட்டுவிட்டுக் கரும்பலகையில் படம் கீறிக்கொண்டிருக்கிறோம்.

ஒருவித்திலை, இருவித்திலை என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். அங்கே தாழ்ந்து படர்ந்து ஒரு புல்வெளியையே மூடி நிற்கும் அத்தி இன மரத்தையும், பக்கத்தில் ஒரு பனையையும் காட்டுங்கள், பிறகு மறக்கவே மாட்டார்கள். மலைநாட்டில் பிறந்து பனைமரமே காணாத பிள்ளைகள் எத்தனை பேர்! சீஷெல்ஸ் தீவுகளுக்கே சொந்தமான இரட்டைத் தேங்காய் மரம் அங்கே நிற்கிறது. உலகத்திலேயே பெரிய விதை அதனுடையது, ஒரு காய் முற்ற ஆறேழு வருடம் எடுக்கும். தாளிப்பனை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்து, காய்த்து, பட்டுப்போகும். இதையெல்லாம் ஒரு பிள்ளை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பதைவிட ஆசிரியருக்கு வேறென்ன சந்தோஷம்?

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். அந்தப் பெரிய மூங்கில்களில் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் பெயர்களும் இருக்கின்றன, சகோதர இனப் பிள்ளைகளின் பெயர்களும் இருக்கின்றன. பெருநாள் முடிந்த அடுத்த நாள் புல்லில் கிடக்கும் லன்ச் ஷீட்டும் யோகட் கப்பும் யார் போட்டவை என்று நான் சொல்லத் தேவையில்லை. மரம் நட்டு அதிலிருந்து ஒரு பறவை சாப்பிட்டாலும் அது ஸதகா என்று பயானில் கேட்கிறோம். நட்டு வைத்த மரத்தைக் கீறாமல் விடுவதும் அதில் சேராதா? பிள்ளைகளில் மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மரத்தின் பெயரை நாம் சொல்லிக் கொடுத்திருந்தால் அவன் தன் பெயரை அதில் கீறியிருக்க மாட்டான்.

"பிள்ளைகள் தூரம் போகத்தானே ஆசைப்படுவார்கள்?" என்று கேட்பீர்கள். சரிதான். கடல் காணாத பிள்ளைக்குக் கடல் காட்டத்தான் வேண்டும். நான் தூர ட்ரிப் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவரும் விடுபடாத ஒரு பயணம் முதலில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு என் யோசனைகள்:

ஒன்று, ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பாவது சனம் குறைந்த ஒரு கிழமை நாளில், காலையிலேயே பூந்தோட்டத்துக்குப் போக வேண்டும். நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

இரண்டு, எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு மரம். பெயர், சொந்த நாடு, இலையின் வடிவம், பட்டை எப்படி இருக்கிறது என்று கொப்பியில் எழுதிக் கீறட்டும். பறிக்கக் கூடாது, விழுந்த இலை போதும்.

மூன்று, சாப்பாடு வாழை இலையில் அல்லது டப்பாவில். கொண்டு போனது எல்லாம் திரும்பி வர வேண்டும்.

நான்கு, காசு. பழைய மாணவர்கள், பள்ளி நிர்வாகங்கள், வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் பஸ் கூலியையும் டிக்கட்டையும் முழு வகுப்புக்குமாகக் கொடுங்கள். "ஏழைப் பிள்ளைகளுக்கு" என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது ஃபோட்டோவும் எடுக்காதீர்கள். ஆறு கிலோமீற்றருக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

என் வகுப்பை அடுத்த தவணையில் கூட்டிக்கொண்டு போக அதிபரிடம் கேட்டிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ் கிடைக்கும். அந்த மகனிடம், "இது கிட்டத்தான், தலை சுத்தாது" என்று சொன்னேன். சிரித்தான். தாளிப்பனை தனக்குத்தான் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.

உங்கள் ஊர்ப் பாடசாலையிலும் இதைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள்.