யாரைக் கேட்டு மாற்றினார்கள்?

சில வாரங்களுக்கு முன் தெல்தோட்டைக் கடைத்தெருவில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் என்னை நிறுத்தினார். "ஐயா, நீங்க பத்திரிகைல எழுதுறவங்கதானே? எங்க ஈ.பி.எப். காசுல அரசாங்கம் கைவச்சிருச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?" என்றார். ஆம் என்றும் சொல்ல இயலவில்லை; இல்லை என்றும் சொல்ல இயலவில்லை.

அமெரிக்காவில் 'ரோத்' கணக்கு என்றொரு ஏற்பாடு உண்டு. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பழைய ஓய்வூதியக் கணக்கிலுள்ள பணத்தை அதற்கு மாற்றுபவர் அவ்வாண்டே வரியைச் செலுத்திவிட வேண்டும். விதிகளுக்கு அமைய முதுமையில் எடுக்கும்போது வரி இல்லை. மாற்றியதை 8606ஆம் இலக்கப் படிவத்தில் தாமே அறிவிக்க வேண்டும். கணக்கு இலாபமோ நட்டமோ, முடிவு பணத்துக்கு உரியவருடையது.

நமது கதை வேறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது ஊழியர் சேமலாப நிதி. நூறு ரூபாய்ச் சம்பளத்தில் தொழிலாளியிடமிருந்து குறைந்தது 8 ரூபாயும் தொழில் கொள்வோரிடமிருந்து 12 ரூபாயும் அதற்குச் செல்கின்றன. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். அப்பணத்தின் பெரும்பகுதி திறைசேரி முறிகளில், அதாவது அரசுக்கே கடனாக, இடப்பட்டுள்ளது.

2022இல் அரசு கடனைச் செலுத்த முடியாமல் நின்றது. 2023 ஜூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு நாடாளுமன்றம் அங்கீகாரம் அளித்தது. சேமலாப நிதிகளுக்கு இரு வழிகள் வைக்கப்பட்டன. பழைய முறிகளைக் கொடுத்து, 2027 முதல் 2038 வரை முதிர்வடையும் புதிய முறிகளைப் பெறலாம். வட்டி தொடக்கத்தில் 12 சதவீதம், பின்னர் 9 சதவீதம். மறுத்தால், முறி வருமானத்தின் மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும். வரியைச் சாட்டையாகக் காட்டிய பின் அதைத் தெரிவு என்று எவ்வாறு அழைப்பது? நிதி முதல் வழியை ஏற்றது.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வங்கிகள் முன்னரே கூடிய வரி செலுத்துகின்றன, அவற்றின் மீது மேலும் சுமை ஏற்றினால் வைப்பாளர் பாதிக்கப்படுவர் என்று அரசு வாதிட்டது. 9 சதவீத வட்டிக்கும் உறுதி தந்தது. 2023ஆம் ஆண்டுக்கு 13 சதவீதமும், 2024க்கு 11 சதவீதமும் வட்டி வழங்கப்பட்டதும் உண்மை. ஆயினும் 2022ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது 9 சதவீதமே. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். மலையேறிச் சேர்த்த பணம் கரைந்தது அப்போதுதான். கரைந்தவனிடமே மீண்டும் தியாகம் கேட்கப்பட்டது.

தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அன்று முதல் இம்மக்களைப் பற்றிய முடிவுகளை வேறெவரோ எடுத்து வருகின்றனர். பெரிய கோரிக்கை எதுவும் எனக்கில்லை. இனியொரு தடவை இந்த நிதியின் முறிகளை மாற்றுமுன், எவ்வளவு இழப்பு, எவ்வளவு ஆதாயம் என்று எளிய தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, ஒவ்வொரு தோட்டத்தின் அறிவித்தற் பலகையிலும் ஒட்டுங்கள். அங்கத்தவர்களின் பிரதிநிதிகளை முடிவெடுக்கும் மேசையில் அமர்த்துங்கள்.

அந்த அம்மையாரிடம் இறுதியில், "கைவைத்தார்கள், அம்மா, ஆனால் உங்களைக் கேட்கவில்லை" என்றேன். "எங்கள எப்போ கேட்டாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் பேருந்து ஏறினார்.