உடற்பயிற்சி வகுப்பு வீண் பொழுதா?

தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது எது? எந்தப் பள்ளி மாணவியைக் கேட்டாலும், "விளையாட்டு வகுப்பு" என்றே விடை வரும். மதிப்பெண் வேண்டும், மறுப்பார் இல்லை. ஆனால் உடற்பயிற்சியை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது முறையா? நம் வடசென்னையின் வரலாறே இதற்கு விடை சொல்லும்.

1914 ஜூலையில் சென்னைக் கடற்கரையில் பெண்களுக்கென ஒரு கல்லூரி பிறந்தது. அதுவே பின்னர் இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. இரண்டே மாதங்களில், செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் நம் துறைமுகத்தின்மீது குண்டு மழை பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் விரைவில் மறைந்தது, அச்சம் மறையவில்லை. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைவிட்டு ஓடினர். பலே கெட்டிக்காரரை "எம்டன்" என்று நம் பாட்டிமார் சொல்வது அந்தக் கப்பலால் வந்த வழக்கே.

போர் நீடித்தது. படைக்கு ஆள் போதவில்லை. 1917இல் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகப் படைகளை அரசு அமைத்தது. 1920இல் அவை பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாக மாறின. கல்லூரி இளைஞர் ஒரு கையில் புத்தகமும் மறு கையில் துப்பாக்கியுமாகப் பயின்றனர். அதே 1920இல் ஹாரி பக் என்பவர் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்பயிற்சியும் முறையாகக் கற்பிக்க வேண்டிய கல்வியே என்பதை நாடு உணரத் தொடங்கியது.

ஆயினும் அந்தப் படையில் பெண்களுக்கு இடமில்லை. தேசிய மாணவர் படை 1948இல் உருவாகி, மறு ஆண்டு பெண்கள் பிரிவு வந்த பின்னரே நமக்குக் கதவு திறந்தது. 1992 முதல் பரங்கிமலை பயிற்சி நிலையத்தில் பெண்களும் இராணுவ அதிகாரிகளாகப் பயிற்சி பெறுகின்றனர்.

அன்றைய அரசுக்குப் போர்வீரர் தேவைப்பட்டனர். நமக்குத் தேவை வேறு. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அம்மாத இறுதியில், நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து, எண்ணூர் மக்கள் வீடுகளைவிட்டு ஓடினர். 1914இல் ஓடியது போலவே! ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றின் போக்கிலேயே ஓடாமல் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூச்சுத் திணறும் பாட்டியைத் தூக்கிச் செல்ல எத்தனை பேருக்கு வலுவுண்டு?

"வெயிலில் கறுத்துவிடுவாய்", "பெண்ணுக்கு எதற்கு ஓட்டமும் குதியும்?" என்று பெற்றோர் சிலர் கூறுகின்றனர். அவர்கள் கவலை அன்பினால் எழுவது. ஆனால் ஆபத்து ஆண், பெண் பார்த்து வருவதில்லை. பகலில் தந்தையர் கடலுக்கும் தொழிற்சாலைக்கும் சென்றபின், வீட்டில் இருப்போர் பெண்களும் முதியோரும் குழந்தைகளுமே அல்லவா?

ஆகவே, பெற்றோரே, அருட்சகோதரியரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டு வகுப்பை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். அதில் ஓட்டத்தோடு முதலுதவியும், அணிவகுத்து ஒழுங்காக வெளியேறும் பயிற்சியும் சேரட்டும்.

தோழியரே! சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். உடலை உறுதி செய்வோம். பிறர் உயிர் காக்கவும் ஆயத்தமாவோம்!