பொம்மைக்குப் பதில் பைனாகுலர்
கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தரும் ரிமோட் கார் புத்தாண்டு வரை ஓடினாலே அதிசயம். பாளையங்கோட்டை, நாசரேத் பக்கத்து அத்தை மாமாக்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பிள்ளைக்கு ஒரு பைனாகுலர் வாங்கலாம். எட்டு மடங்கு பெரிதாக்கினால் போதும். அதற்கு மேல் போனால் சின்னக் கையின் நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். அரையாண்டு விடுமுறையில், குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டு, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கு வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பறவை மிரளுமென்று தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத ஊர் கூந்தன்குளம். "உடைச்சிருவே" என்று பைனாகுலரைப் பீரோவில் பூட்டும் வீடுகளும் உண்டு. கீறல் விழுந்தால் விழட்டும், கழுத்தில் மாட்டிவிடுங்கள்.